இடப்பக்கம் இழுக்கும் வண்டி

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வண்டி மறுபடியும் படுத்துவிட்டது. காலையில் பார்த்தால் போர்டிகோவில் பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. "ஏனுங்க, காரு குத்த வெச்சு உக்காந்திருக்குதுங்க" என்று கமலவேணி வந்து சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வண்டியைப் பற்றிச் சொன்னவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான். சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை இருக்கிறது, அதில் ஓட்டை விழுந்தால் வண்டி உட்காரும் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. சுவரிடம் சொல்லியிருந்தால் இந்நேரம் அது மெக்கானிக் ஆகியிருக்கும்.

இது சாதாரண வண்டி அல்ல. நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் விற்று, நாலு பேர் வாயைப் பிளக்க நான் வாங்கிய கறுப்பு ஜெர்மன் செடான். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று கிடையாது. இன்றைக்குத் தெருவில் நிற்பவையெல்லாம் கார்களா? கதவைச் சாத்தினால் எண்ணெய் டின்னைத் தட்டின சத்தம் வருகிறது. வரப்போகும் மாப்பிள்ளை மின்சாரக் கார் வைத்திருக்கிறார். செல்போனுக்குப் போடுவதுபோல் அதற்கும் தினம் சார்ஜ் போடுகிறார். நல்ல பையன்தான், பாவம்.

கவிப்ரியாவுக்கு நவம்பர் 21 முகூர்த்தம். முந்தின நாள் சாயங்காலம் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இந்த வண்டியில், நான் ஓட்டித்தான் அவள் போவாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே முடிவான விஷயம். "டிரைவர் ஒருத்தரச் சொல்லிக்கலாங்க, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்கிறாள் கமலவேணி. என் பெண்ணை வாடகை டிரைவர் கொண்டுபோய் இறக்குவதற்கு நான் என்ன செத்தா போய்விட்டேன்?

ஆகஸ்ட் 24, சனி

ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆரோக்கியராஜ் போன் செய்தான். காற்றுப் பை வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். சிங்காநல்லூரில் இவனிடம்தான் பத்து வருடமாக வண்டி விடுகிறேன். வாய் மட்டும் ஓயாமல் ஓடும், கை ஓடாது.

சாப்பிடும்போது கமலவேணி மெல்ல ஆரம்பித்தாள், டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று. சித்திரையில் ஒரு நாள் குளியலறையில் தலை சுற்றி விழுந்தேன். வெயில். அதற்கு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மூளையில் சின்னதாக ரத்தம் கட்டியிருக்கிறது என்று படமெல்லாம் எடுத்துக் காட்டினான் அந்த டாக்டர். மீசைகூட ஒழுங்காக முளைக்காத பையன். பிறகு கண் சோதனை என்று ஒரு பெட்டிக்குள் தலையை விடச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். வலப்பக்கம் புள்ளி வந்தது, அமுக்கினேன். இடப்பக்கம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் ரிப்பேர் என்று அந்த நர்ஸிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். அதைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்கிறான். தூரத்தில் வரும் டவுன் பஸ்ஸின் நம்பரைக் கண்ணாடி போடாமல் படிக்கிறேன் நான். அவன் படிப்பானா?

செப்டம்பர் 1, ஞாயிறு

வண்டி வந்தது. வந்த லட்சணம், இடப்பக்கம் இழுக்கிறது.

உக்கடம் வரை போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் இடது சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசியது. நிறுத்தி வைத்திருந்த ஒரு ஆட்டோ என் இடது கண்ணாடியைப் பெயர்த்துவிட்டது. நிற்கிற ஆட்டோ எப்படிப் பெயர்க்கும் என்று கேட்கிறாள் கவி. பெட்ரோல் டேங்க் எந்தப் பக்கம் என்று தெரியாதவளெல்லாம் கேள்வி கேட்கிறாள்.

கமலவேணி பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடுவதே இல்லை. "லெப்ட்ல ஒரு ஸ்கூட்டர்காரர் வர்றாருங்க. ஸ்கூல் பசங்க நடந்து போறாங்க பாருங்க. மாடு ஒண்ணு நிக்குதுங்க, மெதுவா." கிரிக்கெட் வர்ணனை கெட்டது. முன்பெல்லாம் ஏறினால் முந்தானையைப் போர்த்திக்கொண்டு பேசாமல் வருவாள். வயதானால் சில பெண்களுக்கு இப்படி ஆகிவிடுகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆரோக்கியராஜ் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு எல்லாம் நேராக இருக்கிறது என்கிறான். மறுபடியும் பார் என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நிச்சயதார்த்தம் முடிந்தது. சமையல்காரனைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சம்பந்திக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்துப் பரிமாறினார்கள். என் இலையில் உப்பு இல்லை, ஊறுகாய் இல்லை, இனிப்பும் இல்லை. மற்றவர்களெல்லாம் ஜாங்கிரியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரனுக்கே இனிப்பு வைக்காத பந்தியை நான் எங்கும் பார்த்ததில்லை. சத்தம் போட்டேன். பரிமாறிய ஆள் முழிக்கிறான். "வெச்சிருக்குதுங்களே" என்கிறான். சம்பந்தி என் இலையைப் பார்த்துவிட்டு எதற்காகவோ தண்ணீரைக் குடித்தார்.

கமலவேணி எங்கிருந்தோ ஓடி வந்தாள். "இதாங்க" என்று சொல்லி இலையைக் கொஞ்சம் வலப்பக்கமாக இழுத்து வைத்தாள். பார்த்தால் உப்பு, ஊறுகாய், ஜாங்கிரி எல்லாம் இலையின் ஓரத்தில் இருக்கின்றன. நான் கத்துகிற நேரத்தில் அந்தக் கழுதை சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இவர்களையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு கவி அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணப் பெண்களுக்கு வரும் அழுகைதான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பழனிக்குப் போய் முருகன் சந்நிதியில் முதல் பத்திரிகையை வைக்கலாம் என்று விடிந்தவுடன் கிளம்பினேன். சாவியைத் திருகினால் வண்டியில் உயிரே இல்லை. நேற்றுச் சாயங்காலம் நன்றாக இருந்த பேட்டரி! ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டால் முதல் மணியிலேயே எடுத்தான், எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன் மாதிரி. "பழைய வண்டிங்க சார், சென்சார் எங்கியோ கரண்ட்ட இழுக்குதுங்க. கொண்டாந்து போட்டுட்டுப் போங்க, பொறுமையாப் பாக்கறனுங்க."

எதற்கெடுத்தாலும் சென்சார். வாய்தா வாங்குகிற வக்கீல் தோற்றுப் போவான் இவனிடம்.

பஸ்ஸில் போனோம். கமலவேணிக்கு முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் வாங்கித் தின்றுகொண்டு வந்தாள். ஜெர்மன் கார்க்காரன் பெண்டாட்டி!

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பூஜைக்காக வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரவழைத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தோம். கற்பூரம் காட்டியாயிற்று. திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தாயிற்று. இனி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வண்டியை முன்னால் எடுக்க வேண்டும். வருடா வருடம் செய்வதுதான். பழத்தைக் கமலவேணி வைப்பாள், நான் எடுப்பேன்.

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்தேன். வலப்பக்கம் பார்த்தேன். இடப்பக்கமும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று கவி சொல்கிறாள், நான் பார்த்தேன். யாரும் இல்லை. வண்டியை நகர்த்தினேன்.

கவி போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தேன். இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கமலவேணி கிடந்தாள். பம்பர் தட்டிக் கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு வளைந்திருந்தது. எலுமிச்சம்பழம் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்ட பிறகும் அங்கே குனிந்துகொண்டு என்ன வேலை? ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டாமா? கொடுத்தாளாம். "இருங்க, எந்திரிச்சுக்கறேன்"னு சொன்னாளாம்.

ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "பூசணிக்கா தோலு வழுக்கி விட்ருச்சுங்க." கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 12, சனி

மழை. வண்டியை எடுக்கவில்லை.

அக்டோபர் 19, சனி

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதே பூசணிக்காய்க் கதைதான். மச்சினன் வந்து, தெருவில் காயை உடைக்கிறவர்களைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று வீரமாகப் பேசிவிட்டு இரண்டு தட்டு முறுக்குத் தின்றுவிட்டுப் போனான். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் தலைப்புச் செய்தியைக்கூடப் பாதியிலிருந்து தொடங்குகிறான்கள். எழுதத் தெரிந்தவன் எவனும் பத்திரிகையில் இல்லை.

வண்டியை ஆரோக்கியராஜ் மறுபடி கொண்டுபோய்விட்டான். ஸ்டியரிங்கில் கோளாறு என்கிறான். வரட்டும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது.

கமலவேணிக்கு நான்தான் இடது கைக்கு வாகாகத் தட்டை எடுத்து வைக்கிறேன். ஸ்பூனில் சாப்பிடத் தெரியவில்லை, சேலையெல்லாம் ரசம்.

நவம்பர் 3, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோ பிடித்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தீபாவளி லீவு, வேலையாட்கள் யாரும் இல்லை. ஆரோக்கியராஜ் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் வண்டி கொட்டகைக்குள் ஒரு மூலையில் உறை போட்டு நின்றது. உறையை இழுத்தேன். பளபளவென்று இருந்தது. நேராக, நிமிர்ந்து, நாலு சக்கரத்திலும் நின்றது. உள்ளே ஏறிச் சாவியைத் திருகினேன். ஒரே திருகல். பூனை மாதிரி உறுமியது.

"ஸ்டியரிங் கோளாறு எங்கடா?" என்றேன்.

அவன் எழுந்து கையைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

"கோளாறு ஒண்ணும் இல்லீங்க சார்."

"பேட்டரி?"

"வயர நாந்தானுங்க கழட்டிவிடச் சொன்னேன்."

"யாரிடம்?"

"அம்மாகிட்டங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆடி மாசத்துலயே அம்மா வந்து சொல்லிட்டாங்க. காத்துப் பை நெசமாலுமே ஓட்டைதானுங்க, அத மாத்திட்டேன். மத்ததெல்லாம் சும்மா சொன்னதுங்க. நீங்க என்னைத் திட்டுன திட்டுக்கு வேற ஒருத்தரா இருந்தா வண்டியத் தூக்கி ரோட்டுல விட்ருப்பனுங்க. அம்மா கையெடுத்துக் கும்புட்டாங்க, என்ன பண்றது? எனக்கும் பொய் சொல்லிச் சொல்லி வாயே கோணிப் போச்சுங்க."

பெரிய தியாகி. இன்னமும் இவனிடமே வண்டி விட வேண்டியிருக்கிறது.

நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து சீட்டில் பேச ஆள் இல்லை. திருச்சி ரோட்டில் யாரோ என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினான். எதற்கென்று தெரியவில்லை. இன்னொரு இடத்தில் டமாரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். இடது கதவில் நீளமாகக் கோடு. ஒரு தள்ளுவண்டி சாய்ந்து கிடந்தது, ரோடெல்லாம் ஆரஞ்சுப் பழம். பழக்காரி ரோட்டோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடி இல்லை. அவள் எந்த இடத்தில் நின்றிருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

கமலவேணியிடம் கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவனை மெக்கானிக்கோடு சேர்ந்து முட்டாளாக்கியிருக்கிறாயே என்று கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். மாவுக்கட்டுக் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"ரிப்போர்ட்ட நான் படிச்சனுங்க. எடது பக்கம் உங்களுக்கு ஒண்ணும் தெரியறதில்ல. இருட்டாத் தெரிஞ்சா நீங்களே வண்டிய நிறுத்திருவீங்க. அப்படி ஒரு பக்கம் இருக்குதுன்னே உங்களுக்குத் தோணறதில்லீங்க. டாக்டரு சொன்னாரு, பொடிப்பயன்னீங்க. கவி சொன்னா, அழுக வெச்சீங்க. அப்பறம் நான் என்னதான் பண்றதுங்க? உங்களைக் கொறை சொல்ல முடியல, வண்டியக் கொறை சொன்னேன்."

"என்னை முட்டாளாக்கினாய்."

"முட்டாளா இருந்தாலும் உசுரோட இருங்கன்னுதானுங்க."

பிறகு எழுந்து போய், இடது கையால் காப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். வலப்பக்கத்தில் வைத்தாள். இத்தனை நாளும் எல்லாவற்றையும் என் வலப்பக்கத்தில்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

காப்பியில் சர்க்கரை அதிகம். அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

எது எப்படியானாலும் கவியை நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 20, புதன்

மண்டபத்து மாடி அறை. கீழே மேளம் அடித்துத் தீர்க்கிறான்கள். இவர்கள் வாசிப்பதற்குப் பெயர் நாதஸ்வரமாம்.

நாலு மணிக்கு வீட்டிலிருந்து புறப்பாடு. ஆரோக்கியராஜ் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து வண்டிக்குப் பூ அலங்காரம் செய்தான், இடது கதவுக் கோடு தெரியாதபடி சாமந்தியாகத் தொங்கவிட்டு. உறவுக்காரர்கள் வாசல் நிறைய நின்றார்கள். நான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். கவி பின்னால் ஏறினாள். கமலவேணிக்காக முன்கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் ஏறவில்லை. "இன்னைக்கு நான் புள்ளை பக்கத்துல உக்காந்துக்கறனுங்க" என்று பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"முன்னாடி வா."

"இல்லீங்க. நீங்க ஓட்டுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சண்டை போடுவாள் என்று பத்து நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் வீண். கவி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பைத்தியக்காரி. தன் உயிரையும் பெண்ணின் உயிரையும் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, பெண்ணின் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டிருக்கிறாள்.

கியரைப் போட்டேன். எதிரே கேட். கேட்டின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரங்கள். காலையில் நான்தான் நின்று கட்ட வைத்தேன், முதலில் கட்டியவன் கோணலாகக் கட்டினான் என்று அவிழ்த்து மறுபடி கட்ட வைத்தேன். ஆகவே இரண்டு மரம் என்பதில் சந்தேகமில்லை. வலப்பக்கத்து மரம் நின்றது. இடப்பக்கத்து மரத்தைக் காணோம்.

தலையை நன்றாகத் திருப்பினேன். மரம் இருந்தது. அதன் பக்கத்தில் மச்சினனும் அவன் பேரக் குழந்தைகளும் நின்று கையாட்டினார்கள். நேராகப் பார்த்தேன். மரமும் இல்லை, குழந்தைகளும் இல்லை. அந்த இடத்தில் கறுப்பாகக்கூட ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோல் இருந்தது. எனக்குப் பயம் வந்தது. இவ்வளவு பயந்ததில்லை நான், என் அப்பா செத்த அன்றுகூட. பின்சீட்டிலிருந்து அவள் ஏதாவது சொல்வாள், லெப்ட்ல ஆளுங்க நிக்கறாங்கன்னு சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

"ஆரோக்கியராஜ்!" என்றேன், வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. "என்ன ரிப்பேர் பார்த்திருக்கிறாய் நீ? வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை பார்!"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பானெட் மேல் கட்டிய பூவெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

ஆரோக்கியராஜ் ஓடி வந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகி அணைத்தான். "ஆமாங்க சார்," என்றான். "சென்சாருங்க. என் தப்புங்க. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க, நான் ஒருக்கா எடுத்துப் பாக்கறனுங்க."

இறங்கிச் சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தேன். வாங்கின நாளிலிருந்து இந்த சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. கால் வைக்க இவ்வளவு இடம் இருக்கிறது என்பதே தெரியாது. ஆரோக்கியராஜ் முதல் திருகலில் ஸ்டார்ட் செய்தான். கியர் போட்டதும் மாட்டு வண்டி கிளப்புவதுபோல ஒரு குலுக்கல். ஜெர்மன் வண்டியை ஓட்டுகிற லட்சணமா இது? வாழை மரத்தைத் தாண்டும்போது இலை என் ஜன்னலில் உரசியது.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். கமலவேணி கவியின் தோளில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பெண் கல்யாணத்துக்குப் போகிற வழியில் எந்தத் தாயாவது தூங்குவாளா? எழுப்பு என்று கவியிடம் சொன்னேன்.

"வேண்டாங்கப்பா," என்றாள் மெதுவாக. "சித்திரையிலிருந்து அம்மா வண்டியில கண்ண மூடுனதே இல்ல."

மண்டபம் வந்துவிட்டது. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள், மேளக்காரர்கள் எழுந்துகொண்டார்கள், சம்பந்தி சால்வையைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தார். ஆரோக்கியராஜ் பிரேக்கில் காலை வைத்தான்.

"நிறுத்தாதே," என்றேன். "இன்னொரு சுற்றுச் சுற்றி வா. மெதுவாகப் போ."